மொய் நோட்டில் இல்லாத பெயர்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய மொய் நோட்டு கிடக்கிறது. 1987 ஆவணியில் நடந்த அக்கா கல்யாணத்துக்கு எழுதியது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமனில் தொடங்குகிறது. பிறகு பெயர், ஊர், தொகை என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று. நாலாவது பக்கத்தில் 'பேகம்பூர் தோல் ஷாப் பாய், 101' என்று இருக்கிறது. அன்றைக்கு அது கனத்த மொய். அவரை அப்பா 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். அவர் அப்பாவை 'மாப்ளே' என்பார். அதற்குக் கீழே 'மாரம்பாடி வாத்தியார், 51'. அடுத்து 'நாகல்நகர் நூல்கடை, 51'. முதலாமவர் ராவுத்தர், அடுத்தவர் கத்தோலிக்கர், மூன்றாமவர் வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர். திண்டுக்கல் சமவெளியின் ஒரு குறுக்குவெட்டே அந்தப் பக்கத்தில் கிடைத்துவிடுகிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன்.

பிறகு நோட்டைக் கடைசிவரை இரண்டு தடவை புரட்டினேன். எங்கள் ஊர்க் காலனியிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. வாழை மரம் வெட்டி வந்தவர்கள், பந்தல்கால் ஊன்றியவர்கள், மேளம் அடித்தவர்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான். சாப்பிட்டார்கள், கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு, கொல்லைப்புறத்தில், அவர்களே கொண்டுவந்த ஏனத்தில். மொய் எழுத யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. காரணத்தை அம்மாதான் ஒரே வாக்கியத்தில் சொன்னாள்: "மொய் வாங்குனா திருப்பிச் செய்யணும்ல, செய்யப் போனா அவுக வீட்டு எலையில ஒக்காரணும்ல."

கூடி உண்ணுதலைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களில் இவ்வளவு துல்லியமான விளக்கம் கிடைத்ததில்லை. மொய் என்பது பணம் மட்டும் அல்ல. உன் வீட்டில் நான் சாப்பிட்டேன், என் வீட்டில் நீ சாப்பிட வேண்டும் என்கிற கடன் பத்திரம். யாரோடு அந்தக் கடனை வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் ஒரு சமூகத்தின் எல்லைக்கோடு இருக்கிறது.

'உணவு மனிதர்களைச் சேர்க்கும்' என்று இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். பிளவுபட்ட தேசங்களைப் பற்றிய பேச்சில் இது கட்டாயம் வரும். சைப்ரஸ் தீவை எடுத்துக்கொள்ளலாம். 1974க்குப் பிறகு கிரேக்க மொழி பேசுவோர் தெற்கிலும் துருக்கி மொழி பேசுவோர் வடக்கிலும் என்று தீவு இரண்டுபட்டது. நடுவே ஐ.நா. படை காவல் காக்கும் 'பச்சைக் கோடு'. 2003 ஏப்ரலில் கடவுப் பாதைகள் திறக்கும்வரை சாதாரண சனம் அந்தப் பக்கம் போகவே வழியில்லை. ஆனால் இரு பக்கமும் ஒரே பாலாடைக்கட்டி. ஆட்டுப் பாலில் செய்து, புதினா இலை வைத்து மடித்து, வாணலியில் வாட்டினாலும் உருகாத கட்டி. தெற்கில் அதற்கு ஹலூமி என்று பெயர், வடக்கில் ஹெல்லிம். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு பெயர்களையும் சேர்த்தே அதற்குப் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது. காப்பியின் கதை இன்னும் வேடிக்கை. அதே பொடி, அதே நீண்ட கைப்பிடிச் செம்பு. தெற்கில் 'துருக்கிக் காப்பி' என்று சொல்லிவந்தவர்கள் சண்டைக்குப் பிறகு அதைச் சைப்ரஸ் காப்பி, கிரேக்கக் காப்பி என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அங்கே முள்கம்பி தரையில் இருக்கிறது. ருசி அதன் அடியில் புகுந்து போய்விடுகிறது. திண்டுக்கல்லில் முள்கம்பி கிடையாது. ஒரே சந்தை, ஒரே பஸ், ஒரே பிரியாணி. இங்கே கோடு எங்கே விழுகிறது என்று பார்க்க, ஒரு பருக்கை சோற்றின் பின்னாலும் ஒரு ஆட்டின் பின்னாலும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

ஊர் மலைக்கோட்டையிலிருந்து தொடங்கலாம். 1605 வாக்கில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755இல் மைசூர் அரசு ஐதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பியது. பிற்பாடு மைசூரையே ஆண்ட அந்த மனிதர் படை திரட்டவும் பீரங்கி வார்க்கவும் கற்றுக்கொண்ட ஊர் இது. 1790இல் கும்பெனிப் படை கோட்டையைப் பிடித்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அது உறுதியாகும்வரை மைசூர்க் கொடிதான் பெரும்பாலும் பறந்தது. ஐதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் பேகம்பூர் ஆயிற்று. மலையடிவாரத்துக் கோட்டை மாரியம்மன், திப்புவின் படைவீரர்கள் வைத்துக் கும்பிட்ட தெய்வம் என்பது ஊர் சொல்லும் கதை. மாசித் திருவிழாவில் பால்குடம் எடுத்து வருகிற கூட்டத்துக்குப் பள்ளிவாசல்காரர்கள் மோர் கொடுப்பதை நானே வாங்கிக் குடித்திருக்கிறேன்.

இந்தச் சரித்திரத்தைச் சொன்னவுடன் 'அப்படியானால் பிரியாணியை ஐதர்தான் கொண்டுவந்தார்' என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எந்தப் பலகாரத்துக்கும் ஒரு ராஜாவைத் தகப்பனாக்கிவிடுவது நமக்கு ஒரு வியாதி. சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. அரிசி சீரகச் சம்பா, பாசுமதி இல்லை. சீரகம் அளவே உள்ள அந்தக் குட்டை மணி கறிச்சாற்றை உறிஞ்சி உப்பி, உதிரியாகவும் நிற்கும். கேரளத்தில் தலைச்சேரிக்காரர்கள் கைமா அரிசியை விடாமல் பிடித்திருப்பதும் இதே மாதிரியான காரணத்துக்குத்தான். காரம் பெரும்பாலும் மிளகிலிருந்து வருகிறது. சிறுமலையிலும் தாண்டிக்குடியிலும் விளைகிற சரக்கு. புளிப்புக்குத் தயிரும் எலுமிச்சையும், தக்காளி பேருக்குத்தான். வெங்காயம் சின்ன வெங்காயம், அதற்குத் திண்டுக்கல்லே பெரிய சந்தை. கறியைப் பெரிய துண்டாகப் போடாமல் பொடியாக வெட்டுவார்கள். பிரியாணி, தம், தால்சா, குஸ்கா என்று பெயர்களெல்லாம் வடக்கிலிருந்து குதிரையேறி வந்தவை. உள்ளே கிடக்கிற பண்டங்களில் பெரும்பாலானவை இந்தப் பக்கத்தில் விளைந்தவை. எந்த அரண்மனைச் சமையல்காரரும் இதைச் செய்திருக்க முடியாது. ராவுத்தர் வீட்டுப் பெண்களும் கல்யாணச் சட்டி ஏற்றுகிற பண்டாரிகளும் இந்த ஊர்ச் சந்தையில் கிடைத்ததை வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சரிசெய்த ருசி இது.

பிறகு அது ராவுத்தர் வீட்டு வாசலைத் தாண்டியது. 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் திறந்தார். எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார் என்பதால் 'தலப்பாகட்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு நாயுடுவின் கை, ராவுத்தர் வீட்டுச் சோறு, எல்லாச் சாதிக்காரரும் வந்து உட்காரும் பெஞ்சு. அதே 1957இல்தான் சென்னையில் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருக்கக் கூடாது என்பது கோரிக்கை. அந்தக் கோபத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போட்டார்கள் என்ற செய்தி காங்கிரசையே உலுக்கியது. பெரியார் கட்சியை விட்டு வெளியேறிய காரணங்களில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டு அரசியலில் ஒரு பாதி, யார் பக்கத்தில் யார் இலை விழ வேண்டும் என்ற சண்டைதான்.

சட்டம் போட்டும் மறியல் செய்தும் நடக்காத ஒரு காரியத்தை அசைவ ஓட்டல்கள் சத்தமில்லாமல் கொஞ்சம் செய்தன என்று நினைக்கிறேன். காசு கொடுத்தவனுக்கு இலை விழுந்தது. நகரத்தில் யாரும் யாருடைய ஊரையும் தெருவையும் கேட்கவில்லை. திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர் ஒருவர் 1937இல் காரைக்குடியில் தொடங்கிய முனியாண்டி விலாஸ், ஊர் ஊராகக் கிளைவிட்டதும் இந்த வகையில்தான். இன்றும் தை மாதம் அந்த ஓட்டல்காரர்கள் வடக்கம்பட்டி முனியாண்டி கோவிலில் கூடுகிறார்கள். கிடா வெட்டி, ராத்திரியெல்லாம் பிரியாணி வேகிறது. விடிந்ததும் அதுதான் பிரசாதம். முஸ்லிம் வீட்டுச் சோறு ஒரு காவல் தெய்வத்தின் படையலான கதையை எழுத யாராவது ஒரு நல்ல ஆய்வாளர் வர வேண்டும்.

ஆனாலும் பலகைகளைக் கவனிக்க வேண்டும். நாயுடு, கோனார், செட்டிநாடு, ஐயங்கார் பேக்கரி என்று நம் ஓட்டல் பலகைகளில் சாதியும் குலமும் ருசிக்கான சான்றிதழாக நிற்கின்றன. 'பாய் வீட்டுக் கல்யாண பிரியாணி' என்று பாயே இல்லாத கடைகளில்கூட எழுதியிருக்கிறார்கள். தலப்பாகட்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போனது. தலித் சாதி ஒன்றின் பெயரைத் தாங்கி 'இன்னார் வீட்டுச் சமையல்' என்று பெருமையாக விளம்பரம் செய்யும் பலகையை இந்தச் சாலைகளில் நான் பார்த்ததில்லை. அந்த வீடுகளில் நன்றாகச் சமைக்கத் தெரியாதா என்ன? காசு கொடுத்தால் இலை கிடைக்கிறது. பலகையில் பெயர் ஏற அது போதவில்லை.

இப்போது ஆட்டின் பின்னால் போகலாம். வியாழக்கிழமை விடியலில் அய்யலூர்ச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். திருச்சி சாலையிலேயே குட்டியானை வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். நான் போன அன்று ஆடி மாதம். கரந்தமலைப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் இரண்டு கிடாயை வைத்துக்கொண்டு காற்றில் குறுகி நின்றார். தரகர் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கையையும் மூடினார். துண்டுக்குள் விரல்கள் பேசின. தரகர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆட்டுக்காரர் தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினார். மூன்றாவது தடவை அவர் ஆட்டவில்லை. துண்டு விலகியது, கிடாய் கை மாறியது. வாங்கியவர் தாடி வைத்த கறிக்கடைக்காரர். பக்கத்தில் ஒரு குடும்பம், குலசாமிக்குக் கிடா வெட்ட வாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒருவர் செபஸ்தியாருக்கு நேர்ந்த ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தார். இந்தச் சந்தை சூடுபிடிப்பது பக்ரீத், ஆடி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று மூன்று சமயத்துக் காலண்டரிலும்தான்.

அந்தக் கிடாய் அங்கிருந்து போகிற வழியில் இந்தச் சமவெளியின் எல்லாச் சாதியும் ஏதோவோர் இடத்தில் கை வைக்கிறது. வளர்த்தவர் இந்து. பிஸ்மி சொல்லி அறுத்தவர் முஸ்லிம். 'பாய் அறுத்தாத்தான் கறி சுத்தம்' என்று சொல்கிற இந்துக் குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். சமைத்தவர் நாயுடுவோ கோனாரோ ராவுத்தரோ. தோல் மட்டும் தனியாகப் பிரிந்து தோல் ஷாப்புக்குப் போகிறது. முதலாளி பெரும்பாலும் முஸ்லிம், சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள். திண்டுக்கல் பிரியாணிக்கு ருசி கொடுப்பது ஆத்தூர்த் தண்ணீர்தான் என்று கடைக்காரர்கள் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். ஊரைச் சுற்றிப் பல கிணறுகளில் தோல் ஷாப்புக் கழிவு இறங்கி உப்புக் கரிக்கிறது என்பதை அதோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. ஒரே ஆட்டின் கறி ஒரு தெருவுக்கும் கழிவு இன்னொரு தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆக, பச்சையாக இருக்கும்வரை பண்டம் எந்தக் கையிலிருந்தும் எந்தக் கைக்கும் போகும். அரிசி, ஆடு, காய், பால் எல்லாமே அப்படித்தான். அடுப்பில் ஏறி இறங்கிய பிறகுதான் விசாரணை ஆரம்பிக்கிறது. இதை மானிடவியலாளர்கள் நீண்ட காலமாக எழுதியிருக்கிறார்கள். பிரெண்டா பெக், எங்களுக்கு வடக்கே காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, யார் சமைத்ததை யார் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று குறித்தே சாதிகளின் மேல்கீழ் அடுக்கைக் கண்டுபிடித்தார். 1972இல் வெளிவந்த அவருடைய கொங்கு நாட்டுப் புத்தகத்தின் அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மொய் நோட்டு ஞாபகம் வரும். அவர் கேட்டுக் கேட்டு எழுதியதை எங்கள் கணக்கப்பிள்ளை கேட்காமலே எழுதி வைத்திருந்தார்.

இந்த விதிக்கு மதம் எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கிறது. எங்கள் பக்கம் ராவுத்தர் வீட்டுக் கல்யாணத்தில் சைவம் சாப்பிடுகிற விருந்தாளிகளுக்குத் தனிச் சமையல்காரர் வைத்துத் தனிப் பந்தி போடுவார்கள். சாம்பார், ரசம், அப்பளம், பாயசம் எதுவும் குறையாது. 'பாய் வீட்ல சாப்பிட்டேன்' என்று சொல்லிக்கொள்வதில் இந்துக்களுக்கு ஒரு பெருமிதம்கூட உண்டு. நோன்பு மாதத்தில் சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளில் பாதி இந்துப் பிள்ளைகள். காய்ச்சல்காரருக்கு நோன்புக் கஞ்சி நல்லது என்று பாட்டிகள் அனுப்பிவைப்பார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். அரசே ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வதும் இந்த உறவின் ஒரு பகுதிதான். பெண் கொடுத்து எடுக்காத மாமன் மச்சான். முறைப்பெயர் வாயளவில் நின்றுவிடும் என்று இரண்டு பக்கமும் தெரிந்திருப்பதால்தான் அது இவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது என்று எனக்குத் தோன்றும்.

சாதி அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. ஊர்க்காரருக்குக் கண்ணாடித் தம்ளர், காலனிக்காரருக்குக் கொட்டாங்கச்சி என்றிருந்த டீக்கடைகள் பிளாஸ்டிக், காகிதக் குவளை வந்த பிறகு பார்வையிலிருந்து மறைந்தன. எல்லோருக்கும் தூக்கியெறியும் குவளை என்றாகிவிட்டால் இரட்டைக் குவளைக்கு வேலையில்லை. எச்சில் தம்ளரைக் கழுவுகிற கேள்வியே எழாதபோது தீண்டாமையை ஒழித்துவிட்டதாக நாமும் கணக்கு எழுதிக்கொண்டோம்.

அரசாங்கம் போட்ட பந்தி ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. ஊரார் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் ஒரே தரையில் உட்காரவைத்துச் சோறு போட்டது தமிழ்நாட்டில் இந்தத் திட்டம்தான். அதற்கு ஈடான சமூகச் சீர்திருத்தம் வேறெதுவும் இல்லை என்பேன். ஆனால் கோடு இங்கேயும் அடுப்பங்கரையில்தான் விழுகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே முற்றுகையிட்டார்கள். 2023இல் திண்டுக்கல்–கரூர் சாலையில் இருக்கும் வேலன்செட்டியூரில் காலை உணவுக்கு இதே காரணத்தைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் வந்து அந்தச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஒரு பெண் சமைத்ததைத் தின்று காட்ட ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி தேவைப்பட்டார். அரிசி யார் வயலில் விளைந்தது, யார் நாற்று நட்டது என்று அங்கே ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மதத்தில் இருந்த தாராளம் அப்படியே இருக்கும் என்றும் இப்போது சொல்ல முடியவில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா ஏற்பாடு செய்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது; கடைசியில் மழையைக் காரணம் சொல்லி விழாவையே தள்ளிவைத்தார்கள். 2024 ஜனவரியில், பழனி மலைக்கோவிலில் கொடிமரத்துக்கு அப்பால் மாற்று மதத்தார் போகக் கூடாது என்று பலகை வைக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. விருப்பாச்சி வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் பேரீச்சம்பழமும் சேர்ந்து 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பஞ்சாமிர்தமோ எல்லார் வீட்டுக்கும் டப்பாவில் போகிறது. அந்தப் பேரீச்சம்பழம் வளைகுடாவிலிருந்து வருகிறது. அதற்கு எந்தப் பலகையும் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்வது திருப்பரங்குன்றம். எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். மலையடியில் முருகன், உச்சியில் சிக்கந்தர் தர்கா. ஆடு கோழி அறுத்துச் சமைத்துக் கந்தூரி கொடுப்பது எங்கள் வழக்கம் என்று தர்கா தரப்பு சொல்கிறது. மலையே முருகனுடையது, அங்கே ரத்தம் சிந்தக் கூடாது என்று மறுதரப்பு சொல்கிறது. 2025 பிப்ரவரியில் மதுரையில் பெரும் போராட்டம் நடந்தது. ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்கு மூன்றாவது நீதிபதிக்குப் போய், பலிக்கு அனுமதி இல்லை என்று முடிந்தது. சட்டத்தின் நியாயங்களுக்குள் நான் போகவில்லை. நேர்த்திக்கடனாக வேகிற சோறு வழக்குக் கட்டாக மாறும்போது, நேற்றுவரை அதை வாங்கிச் சாப்பிட்ட பக்கத்து ஊர்க்காரர் 'நான் அங்கே சாப்பிட்டதே இல்லை' என்று சொல்லத் தொடங்குகிறார். அப்படிச் சொன்ன ஒருவரை எனக்கே தெரியும். அவரோடு சேர்ந்து அங்கே சாப்பிட்டவன் நான்.

இதற்கு நேரெதிரான ஒரு பந்தியும் எங்கள் பக்கம் உண்டு. திண்டுக்கல் ஊருக்குள்ளேயே முத்தழகுபட்டி என்ற பகுதி இருக்கிறது. அங்கே புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழா ஆகஸ்ட் மாதத்தில் வரும். செபஸ்தியார் அம்பு பாய்ந்து நின்ற வேதசாட்சி. கொள்ளை நோயிலிருந்து காப்பவர் என்று ஐரோப்பாவில் நம்பினார்கள், இங்கேயும் அந்த வேலையைத்தான் செய்கிறார். பிள்ளை வரம் கிடைத்தவர்கள், நோய் தீர்ந்தவர்கள், வழக்கு ஜெயித்தவர்கள் ஆடும் கோழியும் அரிசி மூட்டையும் வெங்காயமும் தக்காளியும் கத்தரிக்காயும் கொண்டுவந்து காணிக்கையாக இறக்குகிறார்கள். கொண்டுவருகிறவர்களில் கணிசமானோர் இந்துக்கள், முஸ்லிம்களும் உண்டு. நூற்றுக்கணக்கில் ஆடுகளும் ஆயிரக்கணக்கில் கோழிகளும் சேர்ந்துவிடும். எல்லாம் ஒரே சமையல் கூடத்துக்குள் போகிறது. சாயங்காலம் தொடங்கி விடியவிடியச் சாப்பாடு.

மற்ற இடங்களில் நான் பார்த்த விதி இங்கே ஒரு ராத்திரிக்குத் தலைகீழாகிறது. பச்சைப் பண்டம் எந்தக் கையிலிருந்தும் உள்ளே போகிறது என்பது சந்தையிலும் நடப்பதுதான். வெந்த சோறு எந்த வீட்டுக்கும் வெளியே போகிறது என்பதுதான் அபூர்வம். உன் ஆடு எந்தச் சட்டியில் வெந்தது, என் இலையில் விழுந்தது யாருடைய கோழி என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மொய் எழுதுவதில்லை. திருப்பிச் செய்ய வேண்டிய ஆள் செபஸ்தியார் ஒருவர்தான். அவர் வீட்டுக்குப் போய் இலையில் உட்கார வேண்டிய தர்மசங்கடம் யாருக்கும் இல்லை. கடன் மனிதர்களுக்கு நடுவே இல்லாததால்தான் அந்தப் பந்தி இவ்வளவு அகலமாக விரிகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மறுநாள் காலை அதே ஆட்கள் அவரவர் தெருவுக்குத் திரும்பி அவரவர் கல்யாணத்துக்கு அவரவர் நோட்டை எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாகப் போனபோது விடிய நாலு மணி இருக்கும். பந்தியில் கூட்டம் குறைந்து, வாங்கிப் போகிறவர்களின் வரிசை நீண்டிருந்தது. தேக்சாவின் ஓரத்தில் நின்ற பையன் கரண்டியைத் தொடவில்லை. பருக்கை உடையும் என்று ஒரு எவர்சில்வர் தட்டைச் சாய்த்து, விளிம்பிலிருந்து மெல்ல உள்ளே விட்டு, அடுக்கு கலையாமல் சோற்றை வாரி வாரிப் போட்டான். ஆவியில் அவன் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போயிருந்தது. எனக்கு முன்னால் ஒரு கிழவி. நெற்றியில் திருநீறு இருந்ததா, சிலுவை போட்டிருந்தாளா என்று முக்காட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. தூக்குவாளியை நீட்டினாள். பையன் மேலாக இரண்டு தட்டு போட்டான். அவள் வாளியை இழுக்கவில்லை.

"மேலாப்புல போடாதப்பா, அடியில கையை விடு. கறி அங்கதான் கெடக்கும்."